கரியரில் கட்டின சாமான்: ஒரு ஃபோர் வீல் வானின் வரலாறு

போன மார்கழியில், வன்கூவரில் இருக்கிற பெரியம்மாவின்ர மகன் அண்ணா குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டார். 1992ஆம் ஆண்டு மிற்சுபிசி டெலிக்கா வான் ஒன்று. ஃபோர் வீல். வாங்கி ஒரு வருசமாக மினக்கெட்டு அதை மாற்றியிருக்கிறார். இரண்டு அங்குலம் உயர்த்தி, பெரிய பல்லு வைத்த ரயர் போட்டு, பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டுப் பலகைக் கட்டில் அடித்து, கட்டிலுக்குக் கீழ லாச்சிகள் வைத்து, கூரையில் இரும்புக் கரியர் பூட்டி, அதுக்கு மேல ஒரு சோலார். "கோடை வந்ததும் மலைப்பக்கம் போய் ரெண்டு கிழமை இதுக்குள்ளதான் இருக்கப் போறம்" எண்டு கடைசியில் சிரிக்கிறார்.

அம்மா போனை வாங்கி ரெண்டு தரம் பார்த்தா. "ஏன், உவனுக்கு அங்க வீடில்லையே? உதுக்குள்ள படுக்கிறதுக்கோ இவ்வளவு செலவழிச்சவன்?" எண்டா. பிறகு போனைத் திருப்பித் தரேக்க, "எங்கட காரிலயும் கரியர் இருந்தது" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு அடுப்படிக்குப் போயிட்டா.

அது எந்தக் கார் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு வாறன். அந்த வீடியோவுக்குப் பிறகு, செமஸ்ரர் லீவில், படிக்கவேண்டியதை விட்டிட்டு நான் இந்த வானுக்குப் பின்னால போய்விட்டேன். மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. வரலாறு படிக்கிற பிள்ளைக்கு ஒரு பொருளைக் கண்டால் 'இது எங்கயிருந்து வந்தது' எண்ட கேள்விதான் முதலில் வரும். கட்டில் போட்ட ஃபோர் வீல் வான் எங்கயிருந்து வந்தது?

தேடத் தேட எனக்கு விளங்கினது இதுதான்: அண்ணாவின் வானில் இருக்கிற சாமான்களில் பாதிக்கு மேல யுத்தத்தில் பிறந்தவை. எங்கட வீட்டில் 'கேம்ப்' எண்டு சொன்னால் ஆமிக் கேம்ப், இல்லாட்டி அகதி முகாம். அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு அர்த்தம், கூடாரம் அடித்து நெருப்பு மூட்டிக் கிற்றார் வாசிக்கிற அர்த்தம், எங்கட தலைமுறைக்குத்தான் ஃபேஸ்புக் வழியாக வந்து சேர்ந்தது. ஆனால் மற்ற இடங்களிலயும் இந்த அர்த்தங்கள் ஒன்றுக்குள்ள ஒன்று கிடந்து பிரண்டதுதான்.

வாகனத்தை மாற்றிக்கொண்டு பாதையில்லாத இடத்துக்குப் போற பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் சொல்லவேணுமெண்டால், நான் 1920களின் எகிப்தைத்தான் சொல்லுவேன். அங்கே கடமையில் இருந்த றால்ஃப் பக்னோல்ட் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரியும் கூட்டாளிகளும், லீவு கிடைக்கிற நேரமெல்லாம் சொந்தக் காசில் ஃபோர்ட் கார்களை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போனார்கள். முதலில் மொடல் ரி, பிறகு மொடல் ஏ. ஃபோர் வீல் எண்ட கதையே இல்லை. பின் சில்லு இரண்டும்தான் தள்ளும். அதை வைத்துக்கொண்டு, கார் போகவே ஏலாது எண்டு சொல்லப்பட்ட மணல் மேடுகளைக் கடந்திருக்கிறார்கள்.

எப்படி? பாரத்தைக் குறைத்தார்கள். தேவையில்லாத தகரத்தையெல்லாம் கழற்றி எறிந்தார்கள். ரேடியேற்றரில் தண்ணி கொதித்து ஆவியாகப் போறதைக் குழாய் வழியாக ஒரு பேணிக்குள் பிடித்து, குளிர்ந்ததும் ரேடியேற்றரே திரும்ப உறிஞ்சிக்கொள்ள விட்டார்கள். ஒரு சொட்டும் வீண்போகாது. மணலுக்கு ரயரின் காற்றைக் குறைத்தார்கள். காற்றுக் குறைந்த ரயர் தட்டையாகி, நீளமாக நிலத்தில் படியும். பாரம் பரவும், புதையாது. இன்றைக்கும் அண்ணா போன்ற ஆக்கள் மண்பாதைக்கு இறங்க முதல் செய்யிற முதல் வேலை இதுதான். அதுக்குச் செலவே இல்லை.

பக்னோல்டின் இன்னொரு ஏற்பாடுதான் என்னைப் பிடித்து நிறுத்தினது. சில்லு புதைந்தால் அதுக்கு முன்னால வைத்து ஏறி வர, நீளமான இரும்புத் தகடுகளைக் கொண்டுபோனார்கள். அந்தத் தகடுகள் கெய்ரோவில் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கினவை. முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடவெண்டு செய்யப்பட்ட இரும்பு! எங்கட பக்கம் தண்டவாளத்தையும் சிலீப்பர் கட்டையையும் கழற்றிக்கொண்டுபோய் பங்கருக்குக் கூரை போட்டது எல்லாருக்கும் தெரியும். அங்கே பங்கர்க் கூரை பாதையாகியிருக்கு, இங்கே பாதை பங்கர்க் கூரையாகியிருக்கு. அண்ணாவின் வானின் பக்கவாட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ரெண்டு பிளாஸ்ரிக் பலகை பூட்டியிருக்கு. அதுவும் அதே வேலைக்குத்தான்.

1940இல் இத்தாலி யுத்தத்துக்குள் வந்ததும் இந்த லீவுப் பொழுதுபோக்கு அப்படியே இராணுவத்துக்குப் போனது. பக்னோல்ட் கெய்ரோவில் ஒரு நெடுந்தூரப் பாலைவனப் படைப்பிரிவைத் தொடங்கினார். அவர்கள் முதலில் எடுத்த செவ்ரோலே லொறிகளுக்கும் பின் சில்லுக்கு மட்டும்தான் இழுவை. அதிலதான் எதிரியின் முதுகுக்குப் பின்னால நூற்றுக்கணக்கான மைல் போய் வந்தார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலான புத்தகங்களும் யூரியூப் வீடியோக்களும் சந்தோசமாக அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். எனக்குப் போக ஏலாமல் இருந்தது, ஏனெண்டால் அதே பாலைவனத்தில் அதே வருசங்களில் வேற ஆக்களும் பயணம் செய்துகொண்டிருந்தார்கள்.

1931 தையில் இத்தாலியப் படை லிபியாவின் தென்கிழக்கில் இருந்த குஃப்ரா பாலைவனச்சோலையைப் பிடித்தது. அங்கே இருந்த சனம் பிள்ளைகளையும் ஒட்டகங்களையும் கொண்டு, தண்ணியில்லாத வெளியில், எகிப்துப் பக்கமும் சூடான் பக்கமும் ஓடினது. கனபேர் தாகத்தில் வழியிலேயே செத்துப்போச்சினம். எகிப்தின் பாலைவன நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்த பற் கிளேற்றன் என்ற பிரித்தானியர், வரைபடம் கீறப்போன இடத்தில் இந்தச் சனத்தைக் கண்டார். அளவை வேலைக்குக் கொண்டுபோன கார்களை ஆக்களைக் காப்பாற்றத் திருப்பினார். பிறகு இதே கிளேற்றனும் பக்னோல்டின் படைப்பிரிவில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் லிபியாவின் வடக்கே, சிரெனைக்காவில், இத்தாலியர்கள் ஒரு இலட்சம் அளவான நாடோடி மக்களை முட்கம்பி முகாம்களுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். ஆயிரமாயிரமாய் அதுக்குள்ளயே செத்துப்போனார்கள். ஒரே பாலைவனத்தில் ஒருவன் விரும்பிக் கேம்ப் அடிக்கிறான், இன்னொருவனைக் கொண்டுபோய்க் கேம்பில் போடுகிறான்கள், மூன்றாவது ஆள் ரெண்டுக்கும் நடுவில ஓடிக்கொண்டிருக்கிறான்.

பக்னோல்ட் மணல் எப்படி நகருது எண்டு 1941இல் எழுதின புத்தகத்தை இன்றைக்கும் ஆய்வாளர்கள் பாவிக்கினம். அவரின் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. 'யாரும் காணாத நிலத்தை நாங்கள் கண்டுபிடிக்கிறம்' எண்ட கதையில்தான் சந்தேகம். குஃப்ராச் சனத்துக்கு அந்த நிலத்தில் எங்கே கிணறு இருக்கு எண்டு முந்தியே தெரியும்.

சரி, வானுக்கு வருவம். வழியில் ஜெரிக்கானைப் பற்றி ஒரு வார்த்தை. 20 லீற்றர் பிடிக்கிற, மேல மூன்று கைபிடி வைத்த அந்த இரும்புக் கான், 1930களில் ஜேர்மன் இராணுவத்துக்காகச் செய்யப்பட்டது. மூன்று கைபிடி ஏனெண்டால், நிரம்பின கானை ரெண்டு பேர் பங்கு போட்டுத் தூக்கலாம், வெறுங் கானை ஒருவர் ஒரு கையில ரெண்டாகத் தூக்கலாம். வட ஆபிரிக்காவில் பிரித்தானியர்களிடம் இருந்த தகரப் பேணிகள் ஒழுகித் தள்ள, அவர்கள் ஜேர்மன்காரரிடம் பிடித்த கான்களைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, பிறகு அதையே கொப்பியடித்தார்கள். ஜேர்மன்காரரைப் பட்டப்பெயராக 'ஜெரி' எண்டு கூப்பிட்டதால்தான் அது ஜெரிக்கான். எங்கட வீட்டு மண்ணெண்ணெய்க் கான் அதின்ர பிளாஸ்ரிக் பேரப்பிள்ளை.

இனி வான். 1947இல், யுத்தம் முடிந்து பிரித்தானிய இராணுவத்தின் பொறுப்பில் இருந்த வொக்ஸ்வாகன் தொழிற்சாலைக்குப் பென் பொன் என்ற டச்சு வியாபாரி போனார். நாசிக் காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை வைத்து இராணுவ வாகனங்கள் செய்த தொழிற்சாலை அது. அங்கே சாமான் இழுக்க வேலையாட்களே பொருத்தின ஒரு தட்டையான வண்டியைக் கண்டுவிட்டு, கொப்பியில் ஒரு பெட்டி மாதிரி வாகனத்தைக் கீறினார். பின்னால எஞ்சின், முன்னால சாரதி, நடுவில் வெறும் இடம். 1950இல் அது வானாக வெளிவந்தது. அடுத்த வருசமே வெஸ்ற்ஃபாலியா என்ற கம்பனி அதுக்குள்ள வைக்க ஒரு 'கேம்பிங் பெட்டி' செய்தது. கிழமை நாட்களில் பெட்டியை வெளியில் எடுத்துவிட்டுச் சாமான் ஏற்றலாம், சனி ஞாயிறில் திரும்ப வைத்தால் படுக்கை, அலுமாரி எல்லாம் ரெடி. உழைக்கிற வாகனமும் உலாத்துற வாகனமும் ஒன்றுதான். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடித்த சாமான் இந்தப் பெட்டிதான்.

அந்த வானுக்கு நாலு சில்லு இழுவை கொடுக்கவேணும் எண்டு முதலில் யோசித்தது கம்பனியின் சந்தைப்படுத்தல் பிரிவு இல்லை. வொக்ஸ்வாகனில் வான்களுக்குப் பொறுப்பாக இருந்த பொறியியலாளர் குஸ்ராஃப் மாயருக்குச் சகாராவில் வான் ஓட்டித் திரியிற விசர் இருந்தது. மணலில் புதைந்து புதைந்து அலுத்தாரோ என்னவோ, 1970களில் ஹென்னிங் டுக்ஸ்ரைன் என்ற சக பொறியியலாளரோடு சேர்ந்து, அப்போதைய வானுக்கு முன் சில்லுக்கும் இழுவை கொடுத்து மாற்றி, சகாராவுக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். அதுதான் வழிகாட்டினது. 1985இல் 'சிங்க்ரோ' எண்ட பெயரில் நாலு சில்லு இழுவை வான் விற்பனைக்கு வந்தது. செய்தது ஒஸ்திரியாவின் கிராற்ஸ் நகரில் ஸ்ரையர்-டைம்லர்-புஹ் தொழிற்சாலையில்.

சிங்க்ரோவின் சூட்சுமம் ஒரு மூடின உருளை. அதுக்குள்ள மெல்லிய தகடுகள், தகடுகளுக்கு நடுவில் சிலிக்கோன் எண்ணெய். நல்ல றோட்டில் முன் சில்லும் பின் சில்லும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுழலுவதால் ஒன்றும் நடக்காது. சேற்றில் பின் சில்லு சும்மா சுத்தத் தொடங்கினால், தகடுகள் வேறு வேறு வேகத்தில் சுழன்று எண்ணெய் சூடாகி இறுகும், இழுவை தானாக முன் சில்லுக்கும் போகும். சாரதி ஒன்றையும் தொடத் தேவையில்லை.

யப்பான்காரர் வேற வழியால வந்தார்கள். டெலிக்கா 1968இல் வந்த ஒரு சாதாரண சாமான் வண்டி. 1982இல் மிற்சுபிசி பஜேரோ ஜீப்பை வெளியிட்டது. அதே வருசம் பஜேரோவின் கீழ்ப் பாகங்களை டெலிக்காவுக்குக் கொடுத்து ஃபோர் வீல் ஆக்கினார்கள். பஜேரோ மாதிரியே சாரதி ஒரு கம்பியை இழுத்தால்தான் முன் சில்லு சேரும். தார் றோட்டில் அதை இழுக்கக்கூடாது. வளைவில் முன் சில்லு பின் சில்லைவிடக் கூடத் தூரம் ஓடவேணும், ரெண்டையும் ஒன்றாகப் பூட்டினால் உள்ளுக்குள் முறுகும். சேறு, மணல் எண்டால் சில்லு வழுக்கி அந்த முறுக்கைக் கழற்றிவிடும்.

எங்கட நாட்டில் டெலிக்காவைத் தெரியாத ஆள் இல்லை. 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு யப்பானின் பழைய வாகனங்கள் கப்பல் கப்பலாக வந்தன. அவர்களும் இடப்பக்கம் ஓடுறதால் ஸ்ரியறிங் எங்களுக்கு வசதியான பக்கம். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் கதிர்காமத்துக்கும் போன வான்கள் அவை. கனடாவில் கதை வேறு. 15 வருசம் கடந்த வாகனத்தை அங்கே பெரிய கெடுபிடியில்லாமல் இறக்கலாம் என்பதால், யப்பானில் ஓய்வெடுத்த டெலிக்காக்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில் இரண்டாம் வாழ்க்கை வாழுகின்றன. ஸ்ரியறிங் பிழையான பக்கம், அதையும் ஒரு பெருமையாகச் சொல்லுகினம். அண்ணா வாங்கேக்க அவரின் வான் வெள்ளை நிறமாம். எஞ்சினைத் தொட முதல் பச்சை அடித்திருக்கிறார். ஏன் எண்டு நான் கேட்கேல்லை. எங்கட ஊரில் வளர்ந்த ஆளிடம் அதைக் கேட்கத் தேவையில்லை.

மாற்றத் தொடங்கினால் ஒன்று கொடுத்து ஒன்று வாங்குற வேலைதான். பெரிய ரயர் போட்டால் கல்லில் அடிபடாது, ஆனால் ஒரு சுற்றுக்குக் கூடத் தூரம் உருளுறதால் ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கப் பஞ்சிப்படும். வேகமானியும் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். உயர்த்தினால் அடிப்பாகம் தப்பும், வளைவில் சரியும். கட்டில், பற்றறி, தண்ணி, அடுப்பு எண்டு ஏற்ற ஏற்ற, அந்தப் பாரத்துக்காகவே ஸ்பிறிங்கையும் மாற்றவேண்டி வரும். அண்ணாவே சொன்னார், முதல் ஆறு மாதம் பூட்டினதில் பாதியை அடுத்த ஆறு மாதம் கழற்றினாராம். பக்னோல்ட் கழற்றித் தொடங்கினார், இந்தக் காலத்தில் பூட்டித் தொடங்கி கழற்றுறதில் போய் முடிக்கினம்.

இனி எங்கட கார். அம்மப்பாவின் ஒஸ்ரின் ஏ40. அதுவும் மாற்றப்பட்ட வாகனம்தான். 1990க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் வரவிடாமல் தடை. யாழ்ப்பாணத்தில் பழைய கார்களெல்லாம் மண்ணெண்ணெய்யில் ஓடினது. சின்னப் போத்தலில் மருந்து மாதிரி வைத்திருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். சூடு இருக்கும்வரை ஓடும். நின்று ஆறிவிட்டால் திரும்பவும் பெற்றோல் வேணும். இந்த மாற்றத்தைச் செய்த மெக்கானிக்மாருக்கு ஒரு புத்தகத்திலயும் பெயர் இல்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க ஒரே றோட்டில் இறங்கினது. தென்மராட்சிக்குப் போக நாவற்குழிப் பாலம். அம்மாவுக்கு அப்ப 19 வயது. காரின் கரியரில் ரெண்டு சூட்கேஸ், பாய், அரிசி மூட்டை, தையல் மெசினின் தலை, தண்ணிக் கான். உள்ளுக்குள் அம்மம்மா, பெரியம்மா, பெரியம்மாவின் மடியில் மூன்று வயது அண்ணா. சனம் நடக்கிற வேகத்துக்குத்தான் காரும் ஊரலாம். மண்ணெண்ணெய் எஞ்சின் அந்த வேகத்துக்குத் தாங்காது. செம்மணி தாண்ட முதலே நின்றுபோச்சு. போத்தலில் பெற்றோல் முடிஞ்சுது. மழை. அம்மாவும் அம்மப்பாவும் பின்னால நின்று தள்ள, விடியும்வரை தள்ளினதாம். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வளவில் காரை விட்டு, ஒன்பது நாள் அதுக்குள்ளயும் அதுக்குக் கீழயும் படுத்திருக்கினம்.

போன மாதம் அண்ணா வீடியோ கோலில் வானை உள்ளும் புறமும் காட்டினார். நான் இந்தக் கட்டுரைக்காகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் அண்ணா இதில இவ்வளவு விருப்பம் எண்டு கேட்க, "தெரியேல்ல. சின்ன வயசில காருக்குள்ள படுத்தது ஒண்டுதான் எனக்கு ஊரில வடிவா ஞாபகம். மேல மழை விழுற சத்தம். நல்லா இருந்தது" எண்டார். நான் அம்மாவைப் பார்க்கேல்லை.

அம்மா எட்டி வந்து திரைக்குள் பார்த்தா. "தம்பி, அந்த மேல கட்டியிருக்கிறது என்ன கான்?"

"தண்ணி, சின்னம்மா. இருபது லீற்றர்."

"தண்ணியை ஆரும் மேல கட்டுறதே? இறக்கி உள்ளுக்குள்ள, கதவுக்குக் கிட்ட வை. அண்டைக்கு நாங்கள் மேல கட்டிப்போட்டு, நீ தண்ணி தண்ணி எண்டு அழ, அந்தச் சனத்துக்குள்ள கயிறு அவிழ்க்க ஏலாமல் நிண்டனாங்கள். நாலு பேர் எண்டால் இருபது லீற்றர் காணாது, இன்னொண்டு வாங்கு. நெருப்புப்பெட்டியைச் சொப்பிங் பாக்கில சுத்தி வை."

அண்ணா பேனை தேடினார்.